உப்புக் குவியலில் ஒரு கணக்கு

மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறினால் கண் கூசும். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் சேர்க்கிறார்கள். பிறகு தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுகிறார்கள். உப்பு மலைபோல் உயர்கிறது.

இந்தக் குவியலில் ஒரு கணக்கு இருக்கிறது.

சிறிய குவியல் ஒன்று. பத்து மடங்கு பெரிய குவியல் ஒன்று. எதன் சரிவு அதிகம்? பெரியதுதான் என்பார்கள் பலர். இரண்டிலும் ஒரே உப்பு, அதுவும் ஈரமில்லாமல் உலர்ந்தது என்றால், இரண்டுக்கும் ஒரே சரிவுதான்!

ஏன்? உப்பின் எடை அதைக் கீழே இழுக்கிறது. அதே எடைதான் அதைக் குவியல்மேல் அழுத்தி, வழுக்காமல் பிடிக்கிறது. எடை இரண்டு மடங்கானால் இழுப்பும் இரண்டு மடங்கு. பிடிப்பும் இரண்டு மடங்கு. சரிவு எப்படி மாறும்? சரிவு 35 டிகிரி என்றால், உராய்வு எண் ஏறக்குறைய 0.7.

பொறியியல் கல்லூரியில் வரும் இயந்திரவியல் இதுதான். ஆனால் பல வகுப்புகளில் நடப்பது என்ன? கரும்பலகையில் சூத்திரம் ஏறுகிறது. எண்ணைப் போட்டால் விடை. தேர்வில் கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டால் பையன் விழிக்கிறான். ‘அரியர்’ விழுகிறது. உப்புச் சுமந்த கூலியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீட்டில் இது சின்ன விஷயமா?

கடினமான கணக்கைக் கொடுத்தால் பிள்ளைகள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்கிறார்கள். புரியாத கணக்குக்குத்தான் மிரளுவார்கள். கண்ணால் கண்ட பொருளில் கணக்கு வந்தால் மல்லுக்கட்டிப் பார்ப்பார்கள். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்காமல், ஏன் தவறு என்று பேசவைக்க வேண்டும். சூத்திரம் பிறகு வரட்டும். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் தொடங்கியது. பாடம் தமிழில் வந்தபின், கணக்கும் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து வரலாமே!

இன்னொரு கணக்கு. ஒரு தாய் 30 கிலோ உப்பைத் தலையில் வைத்து, சமதரையில் ஒரே வேகத்தில் 100 மீட்டர் நடக்கிறாள். சுமையின்மேல் அவள் செய்த வேலை எவ்வளவு?

விடை: சுழியம்!

உப்பளத்து வீட்டுப் பையனுக்குக் கோபம் வரும். வரட்டும். அம்மாவின் கழுத்து வலியைப் பார்த்தவன் அல்லவா? தலை சுமையை மேலே தாங்குகிறது. சுமையோ பக்கவாட்டில் நகர்கிறது. தாங்கும் திசையில் நகர்ந்தால்தான் இயந்திரவியலில் அது வேலை. அதே சுமையுடன் 2 மீட்டர் மேடு ஏறினால் 588 ஜூல் கணக்கில் வரும். அப்படியானால் சமதரையில் அவள் சிந்திய வியர்வை எங்கே போயிற்று? தசைகளில் தேடட்டும் பையன். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.