பார்வைக்குக் காசு, பொறுப்பு யாருக்கு?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமமொன்றில், ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்துப் பதிவேற்றிய காணொளிகள் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை ஈட்டின. அந்த 'வில்லேஜ் குக்கிங் சேனல்' காட்டிய வழியில் இன்று ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கைப்பேசியோடு இறங்கியிருக்கிறார்கள். சிபாரிசு இல்லாதவருக்கும் கதவு திறந்திருக்கிறது. வரவேற்போம். அதே வேளையில், இந்தத் தொழிலில் காசு எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

யூடியூபில் நீளமான காணொளிக்கு வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளிக்கு. எட்டு நிமிடம் ஓடினால் நடுவிலும் விளம்பரம் போடலாம். மூன்று நிமிடத்தில் முடியும் விஷயம் எட்டு நிமிடத்துக்கு இழுக்கப்படும் மர்மம் இதுதான். 'ஷார்ட்ஸ்' எனப்படும் குறுங்காணொளிகளின் கணக்கு வேறு. 2023 பிப்ரவரி முதல், குறுங்காணொளிகளுக்கு இடையே வரும் விளம்பரங்களின் வருவாய் பொதுத்தொகுப்பில் சேர்கிறது. இசை உரிமைக்கான பங்கைக் கழித்து, பார்வைகளின் விகிதப்படி பிரித்து, அதில் 45 விழுக்காட்டைப் படைப்பாளிக்குத் தருகிறார்கள். விளம்பரப் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும்.

ஷார்ட்ஸில் ஒரு பார்வைக்குக் கிடைப்பது சொற்பம். ஆகவே எண்ணிக்கையைப் பெருக்கும் வெறி பிறக்கிறது. ஓடும் ரயிலோடு சாகசம், வழிப்போக்கரைக் கேலி செய்யும் 'பிராங்க்', அழும் குழந்தையின் முகம் எல்லாம் அதன் விளைச்சல். பற்றாக்குறையை ஈடுகட்ட நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு, சொந்த அனுபவம்போல் பொருளைப் புகழ்வதும் நடக்கிறது.

படைப்பாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை; பொறுப்பு எல்லோருக்கும் உண்டு. காசு வாங்கியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது மத்திய நுகர்வோர் துறையின் 2023 வழிகாட்டுதல். படைப்பாளிகள் அதை மதிக்கட்டும். தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அரசு அதைத் தயங்காமல் பயன்படுத்தட்டும். திரைப்படத்தில் நடிக்கும் குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை அதன் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. வீட்டுக்குள் படமெடுக்கப்படும் குழந்தைக்கும் அந்தப் பாதுகாப்பு உறுதியாக வேண்டும். எஞ்சிய பங்கை எடுத்துக்கொள்ளும் தளங்கள், தமிழில் வரும் புகார்களை விரைந்து விசாரிக்கட்டும். விளம்பரம் தரும் நிறுவனங்கள், தங்கள் பெயர் எந்தக் காணொளியோடு ஒட்டி வருகிறது என்று பார்க்கட்டும்.

கடைசிப் பங்கு நம்முடையது. திட்டிக்கொண்டே பார்த்தாலும் அது ஒரு பார்வைதான். கண்டிப்பதற்காகப் பகிர்ந்தாலும் அதை எடுத்தவருக்கு வருமானம்தான். தரக்குறைவானதைத் தள்ளிவிட்டு, உழைத்து எடுத்த காணொளியை முழுதாகப் பார்ப்போம். சம்பளம் போடும் விரல் நம்முடையது, யோசித்துத் தொடுவோம்.