ஆளுக்கு ஏழு புள்ளி, மிச்சம் காற்றுக்கு

ஒஹையோவில் ஜெயித்தவர்தான் அமெரிக்க அதிபர் என்று ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 1964 முதல் 2016 வரை ஒருமுறைகூடத் தப்பவில்லை. 2020-இல் நாட்டை ஜெயித்த பைடன் இங்கே தோற்றார். அன்றோடு அந்தக் கணக்கு முடிந்தது. ஒபாமாவுக்கு இருமுறை கைகொடுத்த மாநிலம், 2024-இல் ட்ரம்பை 11 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தூக்கிவிட்டது. இப்படிப்பட்ட மாநிலத்தில்தான் ஜனநாயகக் கட்சியின் ஷெராட் பிரவுன், போன தேர்தலில் செனட் பதவியைப் பறிகொடுத்தவர், எழுபது வயதைத் தாண்டிய பிறகு மறுபடி நிற்கிறார். ஜே.டி. வான்ஸ் துணை அதிபரானதால் காலியான இடம் இது. கவர்னர் டிவைன் அதில் அமர்த்திய ஜான் ஹஸ்டட்தான் எதிரே.

மாநிலத் தலைநகர் கொலம்பஸில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால், கிழவருக்கு ஏன் இந்த வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2024-இல் கமலா ஹாரிஸ் 11 புள்ளியில் தோற்ற அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், பிரவுன் 4 புள்ளிக்கும் குறைவாகத்தான் தோற்றார். கிரிப்டோ முதலாளிகள் அவரைத் தோற்கடிக்க 4 கோடி டாலர் கொட்டியும் இந்த நிலை. 2018-இல் இதைவிட வேடிக்கை: கவர்னர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டிவைன் ஏறக்குறைய 4 புள்ளியில் ஜெயிக்க, செனட்டில் பிரவுன் ஏறக்குறைய 7 புள்ளியில் ஜெயித்தார். கட்சியைத் தாண்டி அவருக்கென்று விழும் ஓட்டு அது. 1993-இல் தன் கட்சி அதிபர் கிளின்டனே முன்னின்று தள்ளிய நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தவர் என்பதை ஆலைத் தொழிலாளிகள் மறக்கவில்லை.

ஆனால் அந்தச் சொந்தச் செல்வாக்கு எங்கே போய் முட்டி நிற்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். முன்பு யங்ஸ்டவுன் பக்கம் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்து ஆள். பென்ஷன் நிதி வற்றிவிட்டது, உங்கள் மாதப் பணத்தில் பெரும்பகுதி வெட்டப்படும் என்று 2015-இல் அவருக்கு வந்த கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். இப்படி வற்றிய நிதிகளைக் காப்பாற்ற பிரவுன் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய பட்ச் லூயிஸ் சட்டம் 2021-இல் நிறைவேறி, அடுத்த வருடம் அந்த நிதிக்கு 3,600 கோடி டாலர் வந்தது. பென்ஷன் ஒரு சென்ட் குறையவில்லை. 2024-இல் யாருக்குப் போட்டீர்கள் என்று போனில் கேட்டேன். "ஷெராட் நல்ல மனுஷன்தான். ஆனா அவரை அனுப்பினா அவங்க கட்சிதானே கூடவே வரும்?" என்றார். வாய்விட்டுச் சொன்னவர் இவர் ஒருவர்; சொல்லாதவர்கள் எத்தனையோ.

பக்கத்து லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2019 மார்ச்சில் மூடியது, சங்கங்கள் சுருங்கியது, படித்த பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனது எல்லாம் இந்த மாற்றத்துக்குப் பலரும் சொல்லும் காரணங்கள். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். அதே ஆண்டு ஆகஸ்டில் யங்ஸ்டவுனின் விண்டிகேட்டர் நாளிதழ் 150 வருட வாழ்வை முடித்துக்கொண்டது. பெயரைப் பக்கத்து ஊர்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டது. செய்தியறை போனது போனதுதான். நம்ம ஊர் செனட்டர் என்ன செய்தார் என்று காலையில் காபியோடு படிக்கப் பத்திரிகை இல்லாத இடத்தில், வாஷிங்டன் சண்டை மட்டும் தொலைக்காட்சியில் ராத்திரி பகலாக ஓடுகிறது. அப்புறம் வாக்காளன் ஆளைப் பார்ப்பானா, கட்சியைப் பார்ப்பானா?

சரி, இந்த முறை? பிரவுன் ஜெயித்த மூன்றில் இரண்டு, 2006-உம் 2018-உம், அதிபர் பெயர் சீட்டில் இல்லாத இடைக்காலத் தேர்தல் வருடங்கள். இரண்டிலும் வெள்ளை மாளிகையில் இருந்தது எதிர்க்கட்சி. 2026-உம் அதே ரகம். (2006-இல் அவர் தோற்கடித்ததும் இதே டிவைனைத்தான்!) காற்று எதிராக வீசிய 2022 செனட் தேர்தலிலேயே ஜனநாயகக் கட்சியின் டிம் ரயன் வான்ஸிடம் 6 புள்ளி சுமாரில்தான் தோற்றார். பிரவுனுக்கென்று விழும் ஓட்டை அதன்மேல் வைத்துப் பாருங்கள், கணக்கு இடிக்காது. 2023-இல் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்தில் சேர்க்க 57 சதவீதம் பேர் வாக்களித்த மாநிலமும் இதுதான். கட்சிப் பெயர் இல்லாமல் கேட்டால் ஒஹையோ வேறு பதில் சொல்கிறது.

ஆனால் ஹஸ்டட், 2024-இல் பிரவுனை வென்ற கார் வியாபாரி மொரீனோ போலப் புதுமுகம் இல்லை. துணை கவர்னராகவும், அதற்குமுன் தேர்தல்களையே நடத்தும் மாநிலச் செயலாளராகவும் இருந்தவர். சீட்டில் மேலே கவர்னர் பதவிக்குக் குடியரசுக் கட்சி சார்பில் நிற்பவர் விவேக் ராமசாமி. பாலக்காட்டுக் குடும்பம், தமிழ் பேசுவார் என்பதால் நம்மவர்களில் சிலருக்கு ஒரு பூரிப்பு. அவர் பெயரைக் குறித்த கை, கீழே இறங்கிப் பிரவுனையும் குறிக்குமா என்பதுதான் கேள்வி. 2018-இல் குறித்தது. இன்று அந்தப் பழக்கம் தேய்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அதனால் மயிரிழை அளவு ஹஸ்டட் பக்கம் சாய்கிறேன்.

பிரவுன் என்னைப் பொய்யாக்கினாலும், மாநிலம் திரும்பி வந்துவிட்டது என்று அவர் கட்சி கொண்டாட வேண்டாம். வான்ஸ் விட்டுப்போன மிச்ச இரண்டு வருடம்தான் இந்தப் பதவி. 2028-இல், அதிபர் தேர்தலோடு சேர்த்து, இதே இடத்துக்கு மறுபடி ஓட்டு கேட்க வேண்டும்.