ஆதாரச் சீட்டு இல்லாத மாத்திரை

தீபாவளிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் ஒரு டப்பா மாத்திரை கொடுத்தார். "வயித்துப் புண்ணை ஆத்துமாம் மாமா, சாப்பிட்டுப் பாருங்க." பெயர் பிபிசி-157.

வாங்கி வைத்தேன். விழுங்குமுன் விசாரித்தேன். 15 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு அது. இரைப்பை நீரிலுள்ள ஒரு புரதத்தின் துண்டு என்கிறார்கள். குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரில் பல வருடங்களாக ஆராய்கிறார்கள். எலிகளுக்குப் புண் ஆறியதாம். மனிதர்களிடம் செய்த சோதனை மிகச் சொற்பம். அமெரிக்காவின் எஃப்டிஏ இதை மருந்தாக அங்கீகரிக்கவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு 2022 முதல் தடை.

நான் பிரெஞ்சில் படித்து, புதுச்சேரி சர்க்கார் ஆபீஸில் பில் பார்த்தவன். 'பியேஸ் ஜுஸ்திஃபிகாதீவ்', அதாவது ஆதாரச் சீட்டு, இல்லாத பில்லை மேலே அனுப்பியதில்லை. எலியின் சீட்டை வைத்து என் வயிற்றுக்கு எப்படிப் பாஸ் போடுவது?

வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. மற்றது, மூட்டுவலிக்கு நாம் விழுங்கும் வலி மாத்திரை. கிருமிதான் காரணம் என்று காட்ட ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் அதைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005-ல் நோபல் பரிசு வந்தது. அதுவல்லவா ஆதாரம்!

எண்டோஸ்கோபி செய்ததில் எனக்கும் அதே கிருமி. 14 நாள் மாத்திரையில் போயிற்று. டப்பாவை நம்பியிருந்தால் கிருமி உள்ளேயே குடியிருந்திருக்கும்.

மருமகன்மேல் வருத்தமில்லை, அன்பாகக் கொடுத்தது. ஆனால் என் வயதுக்காரர்களே, மலம் கறுத்தாலோ, எடை குறைந்தாலோ டப்பாவைத் திறக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள்.