எல்லைக் கல்லைவிட மூத்தது ஏரி

நம் ஊர் செம்பாக்கத்தின் அடையாளம் எது என்று கேட்டால், வேளச்சேரி சாலையில் உள்ள ஏதாவது ஒரு கடையின் பெயரைத்தான் பலரும் சொல்கிறோம். ஆனால் ஊரை உண்டாக்கியது ஏரி. நெல்வயல்களுக்குப் பாசனம் கொடுத்தது அதுதான். மழைக்காலத்தில் அது நிறைந்தால் உபரி நீர் கலங்கல் தாண்டி நன்மங்கலம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேரும். அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பெருமையில் நம் ஏரிக்கும் பங்கு உண்டு.

ஏரியைப் போலவே நாம் கவனிக்க மறந்த இன்னொரு அடையாளமும் உண்டு: பக்கத்து மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. கருவறையைச் சுற்றி வந்தால், பின்சுவர் படுத்திருக்கும் யானையின் முதுகுபோல வளைந்திருப்பதைப் பார்க்கலாம். கட்டடக் கலையில் இதைத் தூங்கானை மாடம் என்பார்கள். இத்தனை அருகில் இருந்தும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள்?

2021-இல் செம்பாக்கம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. நிர்வாகம் மாறலாம், ஊரின் நினைவு அழியக் கூடாது. வரத்துக் கால்வாய் எது என்று தெரியாத ஊர், அதன்மேலேயே வீடு கட்டிவிட்டு வெள்ளம் வந்தபின் மழையைத் திட்டும். ஆகவே மதகு, கலங்கல், கால்வாய் ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயரும் நீர் செல்லும் திசையும் எழுதிய பலகையை மாநகராட்சி வைக்க வேண்டும். பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.