வீட்டு பிளான் போட எந்த கம்ப்யூட்டர்? ரேம் விலை ஏறும் நேரத்தில் எதற்குச் செலவு செய்யலாம், எதை விடலாம்?

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை போன்ற ஊரில் இருந்துகொண்டே கட்டட வடிவமைப்பு வேலை பார்க்க இன்று பெரிய ஆபீஸ் தேவையில்லை. ஒரு அறை, ஒரு நல்ல கணினி, இணைய இணைப்பு இருந்தால் போதும். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு தொடங்கிய சுயசான்றிதழ் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்கு ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. வரைபடம் முதல் விண்ணப்பம் வரை எல்லாம் கணினி வழிதான்.

ஆனால், அந்தக் கணினியை வாங்கப் போகும் இளம் ஆர்க்கிடெக்ட்டுக்கு நேரம் சரியில்லை. கடந்த 2025-ன் பிற்பகுதியில் இருந்து ரேம் விலை எகிறிக்கொண்டிருக்கிறது. தவறான மெஷினில் காசைப் போட்டால் கையைக் கடிக்கும்.

ஏன் விலை ஏறுது?

உலகின் பெரும்பாலான மெமரி சிப்களைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்குத் தேவைப்படும் அதிவேக மெமரியில் லாபம் அதிகம் என்பதால், உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சாதாரண கணினிக்கான ரேமுக்குத் தட்டுப்பாடு. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான், பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த தனது ‘க்ரூஷியல்’ பிராண்டையே நிறுத்துவதாக அறிவித்தது.

புதிய சிப் ஆலை கட்டி உற்பத்தி தொடங்க வருடக்கணக்கில் ஆகும். எனவே, ‘அடுத்த மாசம் குறைஞ்சிடும்’ என்று காத்திருப்பது நல்ல திட்டம் அல்ல. இப்போதைய வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

‘எந்த பிராண்ட்?’ என்பது கடைசிக் கேள்வி. ‘தினமும் எந்த சாஃப்ட்வேரில் எத்தனை மணி நேரம்?’ என்பதுதான் முதல் கேள்வி. ஆட்டோகேடில் இரு பரிமாண வரைபடம் போடுவது, ரெவிட்டில் முழு கட்டட மாடல் உருவாக்குவது, லூமியனில் நிஜம்போல வீட்டைக் காட்டும் படம் எடுப்பது மூன்றும் வெவ்வேறு வேலைகள். மூன்றும் கணினியின் வெவ்வேறு பாகத்தைத்தான் வேலை வாங்கும்.

பிராசசர்: கோர் எண்ணிக்கையா, வேகமா?

ஆட்டோகேடும் ரெவிட்டும் பெரும்பாலான வேலைகளுக்கு ஒரே ஒரு கோரைத்தான் அதிகம் பயன்படுத்துகின்றன. அதனால் 24 கோர் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஒரு கோரின் வேகம் எவ்வளவு என்று பார்ப்பது முக்கியம். பிராசசரை வைத்தே ரெண்டர் செய்பவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். அந்த வேலையில் எல்லா கோர்களும் சேர்ந்து உழைக்கும்.

ரேம் எவ்வளவு?

ரெவிட்டுக்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி, நடுத்தர வேலைக்கு 32 ஜிபி, பெரிய மாடல்களுக்கு 64 ஜிபி என்பது ஆட்டோடெஸ்க் சொல்லும் அளவு. தனி வீடு, மாடி வீடு அளவிலான வேலைக்கு 64 தேவைப்படாது.

32 ஜிபி வாங்க பட்ஜெட் இடிக்கிறதா? 8 ஜிபி ரேம் இரண்டு போட்டு இரண்டு ஸ்லாட்டையும் நிரப்பாமல், 16 ஜிபி ரேம் ஒன்று போட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடலாம். ஒற்றை ரேமில் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் பின்னால் இன்னொரு 16 சேர்க்கும்போது பழையதைத் தூக்கிப்போட வேண்டியிருக்காது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டப்பட்டிருக்கும், மாற்றவே முடியாது. வாங்கும்முன் கடைக்காரரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு தேவையா?

அனுமதிக்கான வரைபடம் மட்டும் போடுபவருக்கு விலை உயர்ந்த கார்டு வீண் செலவு. லூமியன், டி5 ரெண்டர், என்ஸ்கேப் போன்றவற்றில் தினமும் வேலை செய்பவருக்கு அதுதான் உயிர். அவர் பார்க்க வேண்டியது கார்டுக்கு உள்ளேயே இருக்கும் மெமரியை. மரம், செடி, ஃபர்னிச்சர் என்று காட்சி நிறைய நிறைய அந்த மெமரி நிரம்பி, மெஷின் திணறும். மாதத்துக்கு ஒன்றிரண்டு ரெண்டர் மட்டும் வருகிறது என்றால், அதை வெளியே கொடுத்துச் செய்து வாங்குவதே மிச்சம்.

மேக் வாங்கலாமா?

ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ஆர்க்கிகேட் ஆகியவை மேக்கில் ஓடும. ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் இரண்டும் விண்டோஸுக்கு மட்டுமே. கூட்டு வேலை தரும் நிறுவனங்கள் ரெவிட் ஃபைல் கேட்டால் மேக் வைத்திருப்பவர் சிக்கிக்கொள்வார்.

அரசு தந்த லேப்டாப் போதுமா?

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கிய லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. ஆட்டோகேடில் இரு பரிமாண வரைபடம் பழக இது போதும், சின்ன ஸ்கெட்ச்அப் மாடலும் ஓடும். ரெவிட்டுக்குப் போதாது. படிப்பு முடிந்து தொழிலுக்கு வரும்போது வேறு மெஷின் வேண்டும்.

பழைய மெஷின்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழைய வொர்க்ஸ்டேஷன்கள் மலிவாகக் கிடைக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். அதற்கு முந்தையது எவ்வளவு மலிவாக வந்தாலும் தவிர்ப்பதே நல்லது.

கரண்ட் போனால்?

நகரத்தில் எழுதப்படும் ‘பெஸ்ட் பிசி’ பட்டியல்களில் வராத செலவு இது. 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. அவ்வளவு பெரிய புயல் தேவையில்லை, ஒரு நொடி மின்வெட்டே சேமிக்காத ஃபைலைக் காலி செய்துவிடும்.

ஒரே விலையில் டெஸ்க்டாப்தான் அதிக வேகம் தரும், பாகங்களை மாற்றுவதும் சுலபம். ஆனால் யூபிஎஸ் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரையே நம்புபவர்கள் அதை யூபிஎஸ் மோடில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் அந்த இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். அடிக்கடி சைட்டுக்குப் போய் கிளையன்ட்டிடம் மாடலைக் காட்டுபவருக்கு லேப்டாப் பொருந்தும். எதுவானாலும், ஃபைல்களின் நகல் ஒன்று வெளி ஹார்டு டிஸ்க்கிலோ கிளவுடிலோ இருக்கட்டும். வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் ஆன்-சைட் வாரன்டி உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு திருச்சி வரை அலைய நேரிடலாம்.

வரியில் எவ்வளவு மிச்சம்?

கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தொழில் பெயரில் பில் வாங்கினால் அந்தத் தொகையை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். முறையான கணக்கு வைத்திருப்பவர்கள் வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம். வருவாயில் பாதியை லாபமாகக் கணக்கிடும் உத்தேச வரி முறையில் இருப்பவர்களுக்கு இது தனியாகக் கிடைக்காது.

சுருக்கமாக

வீட்டு பிளான், அனுமதி வரைபடம் மட்டும் என்றால்: வேகமான பிராசசர், 16 ஜிபி ரேம், ஒரு காலி ஸ்லாட். ரெவிட் தினமும் என்றால்: 32 ஜிபி. ரெண்டர்தான் வருமானம் என்றால்: கிராஃபிக்ஸ் கார்டுக்கு முதலிடம். மூன்றுக்கும் பொது, ஒரு யூபிஎஸ். கையில் இருக்கும் வேலைக்கு வாங்கிய மெஷின் தன் இஎம்ஐயைத் தானே கட்டும். என்றோ வரப்போகும் பெரிய புராஜெக்ட்டை நினைத்து வாங்கியதற்கு, சின்ன வேலைகளின் சம்பாத்தியம்தான் கரையும்.