வெயிலுக்கும் பத்திரம் எழுதுகிறார்கள்

வெயில் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். குளமும் சுடுகாடும் நமக்கு எந்த லட்சணத்தில் பொதுவாக இருந்தன என்று நமக்குத் தெரியும். அதனால் வெயிலின் கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம், தோழர்களே.

2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை நிறுவியது. சுமார் 2,500 ஏக்கர். சுமார் 4,550 கோடி ரூபாய். இப்படிப்பட்ட திட்டங்களில் முதலாளி மடியிலிருந்து அவிழ்ப்பது கொஞ்சம்தான். வழக்கமாக நூற்றுக்கு எழுபது பங்கு கடன். எதை நம்பி வங்கி கொடுக்கிறது? ஒரு காகிதத்தை நம்பி. யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு 25 வருசம் வாங்கிக்கொள்கிறோம் என்று 2015இல் மின்வாரியம் போட்ட ஒப்பந்தம் அது. 2017இல் இதே தமிழ்நாட்டில் ஏலம் விட்டபோது விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கிவிட்டது. ஏலத்தில் விலை இறங்கினாலும், முன்பே போட்ட ஒப்பந்தத்தின் விலை இறங்காது. சூட்சுமமே அங்கேதான் இருக்கு. சந்தையின் நட்டம் மின்வாரியத்துக்கு, கடைசியில் பில் கட்டுகிற சனத்துக்கு.

நாளைய வெயிலையே ஈடாக ஏற்கிற வங்கி, நம்ம ஆள் ரெண்டு மாட்டுக்குக் கடன் கேட்டால் "ஜாமீனுக்கு யாருப்பா?" என்கிறது. வங்கி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது தினசரிப் பாடம்.

நிலத்துக்கு வருவோம். கர்நாடகத்தில் பாவகடா, 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். அங்கே நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருசம் 21,000 ரூபாய். ரெண்டு வருசத்துக்கு ஒருதரம் 5 சதம் கூடும். நிலம் உள்ளவனுக்கு மோசமில்லை. அதே நிலத்தில் களை பறித்துக் கூலி வாங்கியவளுக்கு? ஆடு மேய்த்தவனுக்கு? அவர்கள் பேர் பத்திரத்தில் கிடையாது. பத்திரத்தில் இல்லாதவர் நிதித்திட்டத்திலும் இல்லை.

நமக்கு நிலம் இல்லாமல் போனது தலையெழுத்தா? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நம்மைத் தவிர யாருக்கும் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கப் போய் 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். கடன் கொடுக்கும்போது வங்கி வக்கீல் பொதுவாக 30 வருச வில்லங்கம் பார்ப்பார். 1892 அதில் எப்படித் தெரியும்?

புளியறைக் கணவாய்க் காற்றை நம்பி நம்ம தென்காசிப் பக்கம் காற்றாடி நட்டவர்களுக்கு வருமான வரியில் தேய்மானச் சலுகை கிடைத்தது. காற்றாடிக்குக் கீழே நமக்குக் கிடைப்பது வாட்ச்மேன் வேலை. வெயிலிலும் அதுவே நடக்க விடலாமா?

சூரிய மின்சாரம் வரட்டும். கூலி இழக்கிறவருக்கும் 25 வருசத்துக்கு ஒரு பங்கு, வட்டியைப் போலவே, திட்டச் செலவில் எழுதப்பட வேண்டும். பஞ்சமி இல்லை என்று பழைய பதிவேட்டைப் பார்த்து உறுதிசெய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கடன் போகக் கூடாது.

மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்க ஊர்ப் பக்கம் திட்டம் வருகிறது என்று காதில் விழுந்ததுமே தாலுகா ஆபீசில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, 'அ' பதிவேட்டு நகலை வாங்குங்க. கடன் பட்டுவாடா ஆவதற்கு முன்னாடியே வாங்குங்க. பணம் இறங்கிவிட்டால் வங்கியும் நமக்கு எதிர்க்கட்சியாகிவிடும்.