செவியுள்ளோர்க்கு ஊதப்படாத சங்கு

‘வயது வந்தோர்க்கு மட்டும்’ என்னும் தொடரைத் திரையரங்கச் சுவரொட்டிகள் கெடுத்துவிட்டன. உழைத்துப் பிழைப்பவர், வாக்களிப்பவர், வட்டி கட்டுபவர், பிள்ளையின் படிப்புக்கு வழி தேடுபவர் என்பதே அதன் நேர்ப்பொருள். அந்தப் பொருளில் வயது வந்தோர்க்கான தனியார் வணிக வானொலி ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறதா? இல்லை என்றே துணிந்து சொல்வேன்.

சேலத்திற்கு மேற்கே, கஞ்சமலைக்கு அப்பால் உள்ள இளம்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். பாவு ஓட்டுவோர், தார் சுற்றுவோர், சேலை மடிப்போர் எனப் பலருக்கும் கண்ணும் கையும் வேலையில் கட்டுண்டு கிடக்கின்றன. நாளிதழை விரிக்கவோ தொலைக்காட்சியை நோக்கவோ இயலாது. செவி ஒன்றுதான் அவர்களுக்கு ஓய்வாக இருக்கிறது. விசைத்தறியின் அருகில் நிற்பவருக்கு அதுவும் இல்லை. அவர் தறி நின்ற பிறகே எதையும் கேட்க முடியும். வானொலிக்கென்றே அமைந்த மக்கள் இவர்கள். மூன்றாம் கட்ட ஏலத்திற்குப் பின் சேலத்திற்கும் தனியார் பண்பலை வந்தது. அது இவர்களுக்குத் தருவது பெரும்பாலும் திரைப்பாடல், அரட்டை, விளம்பரம், மீண்டும் திரைப்பாடல்.

பாடல் வேண்டாம் என்பது என் வாதமன்று. உழைப்பவனுக்குப் பாட்டு மருந்து. ஆனால் மருந்தையே மூன்று வேளையும் சோறாகப் போட்டால் உடல் தேறுமா?

தனியார் ஒலிபரப்பு நம் மண்ணில் இவ்வாறு தொடங்கவில்லை. 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம் அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. இசையோடு சொற்பொழிவையும் அது தந்தது. பணமின்றி 1927-ல் நின்றது. பின்னர் அதன் கருவிகளைக் கொண்டு சென்னை மாநகராட்சி மாலை இசையையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடங்களையும் ஒலிபரப்பியது. கையில் காசில்லாத காலத்திலேயே கேட்பவரை அறிவுள்ளவராக மதிக்கும் பண்பு இருந்தது.

1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அரசு தன் ஏகபோகத்தைத் தளர்த்தியது. 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை ஒலித்தது. பொதுச் சொத்து ஏலத்தில் பங்கிடப்பட்டது. ஆனால் ஒரு பூட்டு மட்டும் திறக்கப்படவே இல்லை. தனியார் வானொலி தன் சொந்தச் செய்தியை ஒலிபரப்பக் கூடாது. 2011-ன் கொள்கை, அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்து ஒலிபரப்ப மட்டும் இடமளித்தது. தொலைக்காட்சி இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி முழங்குகிறது. அச்சகம் எதையும் அடிக்கிறது. ஏழையின் ஊடகத்துக்கு மட்டும் வாய்ப்பூட்டு. பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு கைப்பேசியில் வதந்தி பறக்கும் நாளில், முகவரியும் உரிமமும் உள்ள ஒரு நிலையத்தைக் கண்டா அஞ்சுவது? இத்தடையை எதிர்த்து ‘காமன் காஸ்’ என்னும் அமைப்பு 2013-ல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2023-ல் பரிந்துரைத்தது.

இத்தடையின் விந்தையைத் தறிக்காரர் நன்கு உணர்வார். நாளை எந்நேரம் மின்சாரம் நிற்கும் என்பதை வானொலி சொல்லலாம். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏன் உயர்ந்தது, விசைத்தறியாளர் ஏன் கொதித்தனர் என்பதை அது சொன்னால் குற்றம். 2023-ல் விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரு மாதங்களுக்கு 750 அலகிலிருந்து 1000 அலகாக உயர்ந்தது. அது பொது அறிவிப்பா, செய்தியா? தறி ஓட்டுபவனுக்கு அது வயிற்றுப்பாடு.

அரசைக் குறை சொல்லி முடித்துக்கொண்டால் நிலைய உரிமையாளர்கள் மகிழ்வார்கள். தடை அவர்களுக்கு நல்ல குடையாகிவிட்டது. அதே 2011 கொள்கை எவற்றையெல்லாம் செய்தியல்ல என்று விலக்கி வைத்திருக்கிறது என்று பாருங்கள்: வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் மின்சாரம், குடிநீர், நலவாழ்வு அறிவிப்புகள். பிள்ளையைப் பொறியியலில் சேர்ப்பதா, தொழிற்பயிற்சிக்கு அனுப்புவதா என்று கலங்கும் தாய்க்கு இவ்வளவும் தரலாம். சட்டம் அவர்கள் கையைக் கட்டவில்லை, சோம்பல் கட்டியிருக்கிறது. பாட்டுப் போடுவதற்குச் செலவு குறைவு. அறிந்தவரை அழைத்துப் பேச வைக்கத் தயாரிப்பு வேண்டும்.

“நேயர் விரும்புவதையே தருகிறோம்” என்பார்கள். பாட்டுக்காகவே தமிழ்நாடு காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட இலங்கை வானொலியிலும் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது போன்றோரின் தமிழுக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. பாட்டே இல்லாத பி.பி.சி. தமிழோசையைக் கேட்கச் சிற்றலையின் இரைச்சலோடு போராடியவர்கள் சிற்றூர்களில் எத்தனை பேர்! 1941-ல் தொடங்கிய அச்சிற்றலைச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றது. மணிலாவிலிருந்து நம் இல்லங்களுக்கு வந்த வேரித்தாஸ் வானொலியின் சிற்றலையும் 2018 ஜூனோடு ஓய்ந்தது. முதிர்ந்த செவிக்குப் பேசிய குரல்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் மறைந்தபோது, அவ்விடத்தைப் பிடிக்க எந்தத் தனியார் நிலையமும் முன்வரவில்லை. விருப்பம் இல்லாமற் போகவில்லை; அதைக் கேட்பாரில்லை.

அகில இந்திய வானொலி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தருமபுரி நிலையத்தின் பண்பலை நம் பக்கமும் கேட்கிறது. அதன் வேளாண் நிகழ்ச்சிகளை வாழ்த்துகிறேன். ஆனால் பொதுத்துறை ஒன்று கடமையைச் செய்வதால், பொதுச் சொத்தை ஏலத்தில் எடுத்தவரின் கடமை தீர்ந்துவிடுமா? அவர்கள் பெற்றிருப்பது பதினைந்து ஆண்டு உரிமம். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஏலத்தொகையை மட்டும் எண்ணாமல், நாள்தோறும் உள்ளூர் வாழ்வுக்கு எத்தனை நிமிடம் தந்தீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. மின்தடை அறிவிப்பு, வேலைவாய்ப்பு, மாணவர் சேர்க்கை என அரை மணி நேரத்தை எந்த நிலையமும் நாளைக் காலையே தொடங்கலாம். தறிச்சத்தம் கேட்கும் திறனை எவ்வாறு மெல்லத் தின்கிறது என்று ஒரு காது மருத்துவரை அழைத்து, தறிகள் நிற்கும் வேளையில் பத்து நிமிடம் பேச வைக்கலாம். அதைத் தில்லியின் எந்த விதி தடுக்கிறது என்று உரிமையாளர்கள் காட்டட்டும்.